ஈயத்துக்கேற்ற சுத்தியல்

அந்த ஆண்டின் பனிக்காலம் முடிவதற்குள் அன்புராசா நான்கு சுத்தியல்களை வாங்கியிருந்தான். நான்கும் அவனைக் கைவிட்டன.

கனடாவில், மில்லிக்கனில் அவன் வாடகைக்கு இருந்த வீட்டின் கராஜில் ஒரு சிறிய மின்னடுப்பும், அதன்மேல் ஒரு வார்ப்பிரும்புச் சட்டியும் இருந்தன. சட்டியில் ஈயத்தை உருக்கி, நீண்ட காம்புடைய கரண்டியால் மொண்டு, குறடு போன்று இரண்டு கைப்பிடிகள் கொண்ட அச்சினுள் ஊற்றுவான். அச்சின் தலையில் ஒரு தகடு உண்டு. ஈயம் இறுகியதும் அந்தத் தகட்டின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். தகடு பக்கவாட்டில் விலகி, மேலே எஞ்சி நிற்கும் ஈயத்தை வெட்டிவிடும். பின்னர் அச்சைத் திறந்தால், பளபளப்பான துவக்குக் குண்டொன்று பழந்துணியின்மேல் சத்தமின்றி விழும். வேலையின் நயம் முழுவதும் அந்த ஒரு தட்டிலேயே தங்கியிருந்தது. மெல்லத் தட்டினால் தகடு அசையாது. ஓங்கித் தட்டினால் வளைந்துவிடும்.

முதலாவதாக வாங்கிய இரும்புச் சுத்தியல் இரண்டாம் நாளே தகட்டில் வடுவை உண்டாக்கியது. இரப்பர்ச் சுத்தியல் பந்து போலத் துள்ளியதேயன்றித் தகட்டை அசைக்கவில்லை. சூடு பட்டதும் ரயர் எரிந்த நாற்றம் வேறு. பிளாஸ்டிக் தலை கொண்டது ஒரு துளி ஈயம் பட்டதும் மெழுகு போல உருகியது. நான்காவது, தச்சர்கள் பாவிக்கும் மரச்சுத்தியல். அதன் தலை ஒரு இறாத்தல் பாண் அளவு பெரியது. தகட்டைத் தட்டப் போய், அச்சைப் பிடித்திருந்த தன் இடக்கைப் பெருவிரலையே அவன் தட்டிக்கொண்டான்.

ஐந்தாவது சுத்தியலை அவன் கடையில் தேடவில்லை. நசுங்கிய விரலைக் குளிர்நீரில் பிடிப்பதற்காகச் சமையலறைக்குச் சென்றபோது, நீர்த்தொட்டிக்கு மேலே ஆணியில் தொங்கிய கீரை மத்து அவன் கண்ணிற் பட்டது. உருண்டைத் தலை, கைக்கு அடங்கிய காம்பு, இரும்பு போன்ற வைரமரம். எடுத்துச் சென்று ஒரு தட்டுத் தட்டினான். ‘டொக்’ என்றது, தகடு வழுக்கிக்கொண்டு விலகியது. வெட்டுண்ட ஈயம் ஒரு பொத்தானைப் போல அழகாகப் புரண்டு விழுந்தது. அன்றைக்கு அவன் நூற்றுப் பத்துக் குண்டுகளை வார்த்தான், ஒன்றேனும் பழுதுபடவில்லை. வேலை முடிந்தபின் மத்தைச் சவர்க்காரம் போட்டு இருமுறை கழுவி, இருந்த ஆணியிலேயே தொங்கவிட்டான்.

அது பிழையென்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அவன் பாசையூரான், மீன்பிடிகாரரின் ஊரில் பிறந்தவன். அவனுடைய ஊரில் வலைக்குரிய ஈயத்தைச் சோறு காய்ச்சிய அதே அடுப்பிலேதான் எல்லாரும் உருக்கினர். உருக்கிய சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டு அடுத்த நாள் அதிலேயே மீன் அவித்தவர்களும் உண்டு. ஈயம் சுடும் என்று சிறுபிள்ளைகளுக்குச் சொன்னார்கள். அதற்கு மேல் ஈயத்தைப் பற்றி எவரும் எதுவும் சொல்லவில்லை.

மனைவி வேரோனிக்காவுக்கு அவன் சொல்லியிருந்தது வேறு. கராஜில் வார்ப்பது தூண்டிலுக்குக் கட்டும் ஈயம் என்றும், ஞாயிறு தோறும் பூசை முடிந்தபின் நண்பன் சீமோனோடு ஏரிக்கு மீன்பிடிக்கச் செல்வதாகவும் சொல்லியிருந்தான். உண்மையில் அவர்கள் சென்றது ஸ்ரௌவ்வில்லுக்கு அப்பால், வயல்களின் நடுவே இருந்த ஒரு குறிசுடும் கழகத்துக்கு.

அன்புராசா தன் வாழ்நாளில் அதற்கு முன்னர் துவக்கைத் தொட்டவனல்லன். பிறர் கைகளில் அதைக் கண்டிருக்கிறான். அதன் முன்னே கைகளை உயர்த்தி நின்றும் இருக்கிறான். கடந்த புரட்டாதியில் சீமோன் வலிந்து அழைத்துச் சென்று, தன் பழைய துவக்கை அவன் கையில் கொடுத்தான். அவன் சுட்ட முதல் மூன்று குண்டுகளும் கடதாசியின் கறுப்பு வட்டத்துள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு பாய்ந்தன. அங்கிருந்த முதியவர்கள் இருவர் வந்து அவன் தோளில் தட்டினர். கனடாவுக்கு வந்த ஏழு ஆண்டுகளில் ஒரு வேலையை நன்றாகச் செய்தாய் என்று அவன் தோளில் எவரும் தட்டியது அதுவே முதன்முறை.

துவக்குச் சீமோனின் வீட்டில், சட்டப்படி பூட்டிய பெட்டியில் இருந்தது. ஆனால் சீமோன் குடியிருந்தது பன்னிரண்டாம் மாடியில். அங்கே ஈயம் உருக்க இயலாது. ஆகவே குண்டு வார்க்கும் பொறுப்பு அன்புராசாவின் கராஜுக்கு வந்தது. “துவக்கெண்ட சாமான் நான் இருக்கிற வீட்டுப் படியேறக் கூடாது,” என்று வேரோனிக்கா கனடாவுக்கு வந்த முதற்கிழமையிலேயே சொல்லியிருந்தாள். போர்க்காலத்தில் ஊரில் இரண்டு தரப்பாரும் அவளுடைய வீட்டுக் கதவைத் துவக்கின் அடிப்பாகத்தால் தட்டியிருந்தார்கள். குண்டு துவக்காகாது என்று அன்புராசா தனக்குத்தானே வாதிட்டுக்கொண்டான். அந்த வாதத்தை அவளுக்கு முன்னால் வைக்கும் துணிவு மட்டும் அவனுக்கு இருக்கவில்லை.

சித்திரை மாதத்து இரண்டாம் சனிக்கிழமை. வேரோனிக்கா தையற் தொழிற்சாலைக்குச் சென்றிருந்தாள். இரண்டு மணிக்குத்தான் திரும்புவாள். பதினொரு மணியளவில் சீமோன் ஒரு வாளி நிறையப் பழைய ஈயத்தோடு கராஜுக்குள் வந்தான். மன்னாரில் பிறந்த அவன், அன்புராசா வேலை செய்த ரேடியேற்றர் தொழிற்சாலையிலேயே பத்து ஆண்டுகளாக வேலை செய்பவன், வாய் ஓயாதவன். வந்தவன் அன்புராசாவின் கையைக் கண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“உதென்ன மச்சான் கையிலை? கீரை கடையப் போறியோ, குண்டு வாக்கப் போறியோ?”

“சிரியாதை. நாலு சுத்தியல் வாங்கிக் குப்பையிலை போட்டன். உதுக்குக் கிட்ட ஒண்டும் நிக்காது. பார்.” அன்புராசா பெருமையோடு தட்டிக் காட்டினான்.

“அட, உண்மைதான்ரா. உதுக்குப் பேட்டன்ற் எடுக்கலாம். எங்கை வாங்கினனி?”

“வாங்கிறதோ? வேரோனிக்கான்ரை. குசினியிலை கிடந்தது.”

“அப்ப அவ கீரைக்கு என்ன செய்யிறா?”

“உதாலைதான். நான் வடிவாக் கழுவி வைச்சிடுவன்.”

சீமோனின் சிரிப்புப் பாதியில் நின்றது. வாளியைக் கீழே வைத்தான். மத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மரத்தின் வரிகளுக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ மின்னியது. நகத்தால் சுரண்டினான், வரவில்லை.

“எத்தினை நாளா உது நடக்குது?”

“ஒரு ஆறு கிழமை, ஒண்டரை மாசம் இருக்கும். ஏன்?”

“எங்கட பக்டரியிலை சோல்டர் செக்சனிலை பிள்ளைத்தாச்சியளை விடமாட்டினம். உனக்குத் தெரியுமோ?”

“ஓம். மணம் ஒத்துக்கொள்ளாது எண்டு.”

“மணமில்லையடா விசரா! ஈயம். அந்த நோட்டீசை நீ வாசிக்கவே இல்லையோ? ஈயம் இரத்தத்திலை ஏறினால் வயித்துப் பிள்ளையின்ரை மூளையைத் தாக்குமாம். வேரோனிக்காவுக்கு இப்ப எத்தினையாம் மாசம்?”

அன்புராசா மத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டான். ஐந்தாம் மாதம் என்பது இருவருக்குமே தெரியும். திருமணமாகி ஒன்பது ஆண்டுகள். அவற்றுள் ஐந்து ஆண்டுகளைக் கணவன் ஒரு நாட்டிலும் மனைவி ஒரு நாட்டிலுமாகக் கழித்தனர். ஒன்றுசேர்ந்தபின் உண்டான முதற் கரு மூன்றாம் மாதத்திலேயே கலைந்தது. இந்தமுறை இரத்தத்தில் இரும்புச்சத்துப் போதாது, கீரை நிறையச் சாப்பிட வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அன்று தொடக்கம் வேரோனிக்கா ஒன்றுவிட்டொரு நாள் கீரை கடைந்தாள். அவன் கழுவித் தொங்கவிட்ட அந்த மத்தினால்தான் கடைந்தாள்.

“ரெஸ்ற் எடுக்கவேணும் மச்சான்,” என்றான் சீமோன், குரலைத் தாழ்த்தி. “இரத்தத்திலை பாக்கலாம். திங்கக்கிழமையே கூட்டிக்கொண்டு போ.”

“என்னெண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு போறது?”

“உள்ளதைச் சொல்லித்தான். வேறை வழி இல்லை.”

சீமோன் சென்றபின் அன்புராசா அடுப்பை அணைத்தான். மத்தை ஒரு பழந்துணியில் சுற்றிக் கராஜின் மூலையில் வைத்தான். பின்னர் எடுத்து இன்னொரு மூலையில் வைத்தான். சட்டியில் ஈயம் மெல்ல மெல்ல ஒளி மங்கி இறுகுவதைப் பார்த்தபடி அவன் நெடுநேரம் நின்றான்.

இரண்டேகால் மணிக்கு வேரோனிக்கா கீரைக் கட்டுகள் இரண்டோடு வந்து சேர்ந்தாள். கழுவினாள், அரிந்தாள், ஊரிலிருந்து கொண்டு வந்த மண்சட்டியில் அவியவிட்டாள். பின்னர் தலைக்கு மேலே கையை நீட்டினாள். ஆணி வெறுமையாக இருந்தது.

“இஞ்சேருங்கோ, மத்தைக் கண்டனீங்களோ?”

“உதிலை இல்லையோ?” என்றான் அவன், யன்னலைப் பார்த்துக்கொண்டு.

“இருந்தால் ஏன் கேக்கிறன்? மத்துக்குக் கால் முளைச்சிட்டுதோ?”

“அது உடைஞ்சு போச்சு.”

“உடைஞ்சு போச்சோ? மத்து என்ன கிளாசோ உடையிறதுக்கு? அதாலை என்னப்பா செய்தனீங்கள், சிவரை இடிச்சனீங்களோ?” அவள் சிரித்தாள். “சரி விடுங்கோ. தமிழ்க்கடையிலை வேறை ஒண்டு வாங்குவம். இண்டைக்கு அகப்பையாலை மசிக்கிறன்.”

பொய் எவ்வித வில்லங்கமும் இன்றிச் செல்லுபடியாகிவிட்டது. அன்புராசாவுக்கு ஒரு கணம் மூச்சு வந்தது. மத்தை எரித்துவிடலாம். இனிமேல் ஈயத்தைத் தொடாமல் விடலாம். ஆறு கிழமைகள்தானே, சிறிதளவுதானே ஊறியிருக்கும் என்று மனம் கணக்குப் பார்க்கத் தொடங்கியது. வேரோனிக்கா மண்சட்டியை இறக்கி, ஒரு கையால் தன் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் அகப்பையை எடுத்தாள். அந்தச் சட்டியின் அடிப்பாகம் அவன் கண்ணில் பட்டது. ஆறு கிழமைகளாக மத்து உரசி உரசித் தேய்ந்த சட்டி அது.

“அந்தச் சட்டியும் வேண்டாம்,” என்றான்.

“என்ன?”

“சட்டியை விடும். கீரையைக் கொட்டும். சாப்பிடாதையும்.”

அவள் திரும்பிப் பார்த்தாள். அவனுடைய முகத்தைக் கண்டதும் அகப்பையைக் கீழே வைத்தாள்.

“ஏன், சட்டிக்கு என்ன?”

அவன் சொன்னான். முன்னுக்குப் பின் முரணாக, மத்தைச் சுத்தியலாக்கியதில் தொடங்கிச் சோல்டர் செக்சனுக்குப் போய், நோட்டீசைச் சொல்லி, மீண்டும் மத்துக்கு வந்தான். ஈயம் என்ற சொல்லை ஏழெட்டுத் தடவை சொன்னான்.

“தூண்டில் ஈயத்துக்கு எதுக்குச் சுத்தியல்?” என்று அவள் கேட்டாள்.

“தூண்டில் ஈயமில்லை. துவக்குக் குண்டு.”

வேரோனிக்கா கதிரையை இழுத்து மெல்ல உட்கார்ந்தாள்.

“மீன்பிடிக்கிறதில்லை எண்டு எனக்குத் தெரியும்,” என்றாள். “ஏழு மாசமாப் போறியள். ஒரு மீன் செதிளாவது இந்த வீட்டை வந்ததோ? பாசையூரான் வெறுங்கையோடை வந்து சிரிச்சுக்கொண்டு நிக்கிறான் எண்டால் நான் நம்புவனோ?”

“தெரிஞ்சும் ஏன் நீர் கேக்கேல்லை?”

“நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.” அவளுடைய குரல் அப்போதுதான் உடைந்தது. “துவக்குக் கதையைப் பிறகு கதைப்பம். எத்தினை கிழமை எண்டு சொன்னனீங்கள்?”

“ஆறு.”

அவள் விரல்களை மடக்கத் தொடங்கினாள். எந்தெந்த நாள் கீரை கடைந்தாள் என்பதை எண்ணுகிறாள் என்று அவனுக்கு விளங்கியது. இரண்டு கைகளின் விரல்களும் முடிந்து, மறுபடியும் முதலாவது விரலுக்கு அவள் வந்தபோது, அவனால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. சட்டியைத் தூக்கப் போனான்.

“தொடாதேங்கோ! முதல்லை போய்க் கையைக் கழுவுங்கோ. அந்த உடுப்பையும் கழட்டுங்கோ. அந்த உடுப்போடைதானே பின்னேரத்திலை எனக்குப் பக்கத்திலை வந்து இருக்கிறனீங்கள்!”

திங்கட்கிழமை டொக்டர் இருவருடைய இரத்தத்தையும் எடுப்பித்தார். முடிவு வருவதற்கு ஒன்பது நாட்கள் சென்றன. அந்த ஒன்பது நாட்களும் வேரோனிக்கா அவனோடு தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசவில்லை. சோற்றைப் போட்டுக் கொடுத்தாள், அவன் உண்டு முடியும்வரை எதிரே அமர்ந்திருந்தாள். அவன் அச்சையும் அடுப்பையும் பெட்டியில் கட்டிச் சீமோனிடம் கொடுத்தான். கராஜின் தரையை நனைத்து நனைத்து நான்கு தடவை துடைத்தான். தொழிற்சாலையில் சோல்டர் செக்சனின் கதவுக்கு முன்னால் நின்று, ஏழு ஆண்டுகளாகத் தான் கடந்து சென்ற நோட்டீசை அகராதியின் துணையோடு முதன்முறையாக முழுவதும் வாசித்தான்.

பத்தாம் நாள் தொலைபேசி ஒலித்தது. வேரோனிக்காதான் எடுத்தாள். “யெஸ்... யெஸ் டொக்டர்...” என்றவள், சிறிது நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். அவளுடைய முதுகையன்றி வேறெதையும் அன்புராசாவால் பார்க்க முடியவில்லை.

“எனக்குப் பயமில்லையாம்,” என்றாள், ரிசீவரை வைத்துவிட்டு. “கொஞ்சம் இருக்காம், ஆனால் பயப்பிடுற அளவில்லையாம். பிள்ளை பிறந்தாப்பிறகு திரும்பவும் பாப்பினமாம்.”

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

“உங்கடைதான் கூடவாம். ஒரு ஆறு மாசத்துக்கு ஈயத்துக்குக் கிட்டவும் போகக் கூடாதாம். நல்ல ஏச்சு. எனக்கெல்லோ ஏச்சு விழுந்தது, கராஜைத் திறந்து வைச்சு வாத்தவரோ, பூட்டி வைச்சு வாத்தவரோ எண்டு.”

“பூட்டித்தான். நீர் காணக் கூடாதெண்டு.”

“ஓம். அதுதான் உங்கடை இரத்தத்திலை நிக்குது,” என்றாள் அவள். சொல்லிவிட்டு அவன் அருகில் வந்து நின்றாள். பத்து நாட்களில் அதுவே முதன்முறை.

ஆவணி மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது, மூன்றரைக் கிலோ. குழந்தையின் குதிக்காலில் எடுத்த இரத்தமும் நன்றாகவே இருந்தது. அந்தக் கோடை முழுவதும் அன்புராசா ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கும் செல்லவில்லை. குழந்தை பிறந்தபின் பாற்போத்தல்களை அவித்தான், உடுப்புத் தோய்த்தான். எஞ்சிய நேரத்தில் தொலைக்காட்சிக்கு முன்னால், என்ன நிகழ்ச்சி என்று கேட்டால் சொல்லத் தெரியாதவனாக, அமர்ந்திருந்தான். ஐப்பசியில் அவனுடைய இரத்தம் சீரானதென்று செய்தி வந்த அன்று, சீமோனுக்குத் தொலைபேசி எடுத்தவள் வேரோனிக்கா.

“சீமோன் அண்ணை, அந்தக் கழகத்திலை வாக்கிறதுக்கு இடம் இருக்கோ?” என்று அவள் கேட்பது அன்புராசாவின் காதில் விழுந்தது. “இருக்கோ? நாலு பக்கமும் காத்து வாறதோ? அங்கை குளிச்சு உடுப்பு மாத்தலாமோ? ஓம், ஓம், துவக்கை உங்களோடையே வைச்சிருங்கோ. இவர் இஞ்சை கதிரையிலை இருந்து வேர் விடுறார்.”

அடுத்த சனிக்கிழமை மூவருமாகக் கெனடி வீதியில் இருந்த ஓர் இரும்புச் சாமான் கடைக்குச் சென்றனர். குழந்தை வேரோனிக்காவின் நெஞ்சோடு கட்டிய பையில் உறங்கியது. சுத்தியல்கள் தொங்கிய வரிசைக்கு முன்னால் அவள் நின்றாள். அன்புராசா தன் அறிவையெல்லாம் திரட்டி, இரும்பின் குற்றத்தையும் இரப்பரின் குற்றத்தையும் அவளுக்கு விளக்கினான். பின்னர் தனக்கு விருப்பமான ஒன்றை எடுத்தான்: மரத்தாலானது, சிறியது, உருண்டைத் தலை கொண்டது.

“உதை வையுங்கோ,” என்றாள் அவள் உடனே. “உது மத்து மாதிரி இருக்கு. ஒரு நாளைக்கு ஆராவது குசினியிலை கொழுவுவினம்.”

“நான் கொழுவமாட்டன்.”

“நீங்கள் மாட்டியள். என்ரை மாமி வந்தால்? இவள் வளந்தாப்பிறகு?”

அவள் வரிசையில் மெதுவாக நகர்ந்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து நிறை பார்த்தாள். கடைசியில் ஒன்றை மூக்குக்கு அருகில் கொண்டு சென்று, முகத்தைச் சுளித்தாள். மாட்டுத் தோலை இறுகச் சுருட்டித் தலையாகப் பொருத்திய சுத்தியல் அது.

“உதுக்கு ஈயம் ஒட்டுமோ? சூட்டிலை உருகுமோ?”

அவன் வாங்கி உள்ளங்கையில் தட்டிப் பார்த்தான். துள்ளவில்லை. கனமும் அளவாக இருந்தது. இதைப் பற்றிக் கழகத்து முதியவர்கள் சொன்னது அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. “இல்லை. உருகாது. தகட்டுக்கும் சேதம் வராது. உது நல்ல சாமானப்பா. உமக்கு என்னெண்டு தெரியும்?”

“எனக்கு உங்கடை தகட்டைப் பற்றித் தெரியாது. உது நாறுது. உந்த நாத்தத்தோடை ஒருத்தரும் கறிக்குள்ளை வைக்கமாட்டினம்.”

அவன் சிரித்தான். சாமான் அடுக்கிய கடைத்தட்டு ஒன்றின் விளிம்பில் ஒருதரம் மெல்லத் தட்டிப் பார்த்தான். குழந்தை கண் விழிக்கவில்லை. வேரோனிக்கா அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறு மாதங்களாக அந்த வீட்டில் காணாமற்போயிருந்த சிரிப்பு அது.

“துவக்கு எனக்குப் பிடிக்காது,” என்றாள். “இண்டைக்கும் பிடிக்காது. இனிமேலும் பிடிக்காது.”

“தெரியும்.”

“ஆனால் எங்கை போறியள் எண்டு எனக்குச் சொல்லிப்போட்டுப் போகவேணும்.”

“ஓம்.”

காசாளரிடம் அவள் ஒரு புதிய பிளாஸ்டிக் பையைக் கேட்டு வாங்கினாள். சுத்தியலை அதற்குள் இட்டு, வாயைச் சுருக்கி இரண்டு முடிச்சுப் போட்டு அவன் கையில் கொடுத்தாள். அவன் அதைக் காரின் பின்பெட்டியில் வைத்து மூடினான். பின்னர், அவள் சொல்லாமலே, கடைக்குள் திரும்பிச் சென்று கையைக் கழுவிக்கொண்டு வந்தான்.